மாவு ஆட்டறீங்களா பாய்?

ஜூன் 1, 2025, ஞாயிறு

இரவு 11 மணிக்கு மேல் ரிசப்ஷனில் எனக்கு வேலை குறைவு. முன்னால் சாவிப் பலகை, லெட்ஜர், சார்ஜரில் செருகிய போன். பாபுராவ் தெருவை ஒட்டிய சந்தில் இருக்கிறது லாட்ஜ். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள்தான் எங்கள் பிழைப்பு, அதில் பாதிப் பேர் வங்காளிகள். "தாதா, ரூம் ஆச்சே?" என்று கேட்டால் தூக்கத்திலேயே வாடகை சொல்லிவிடுவேன்.

மற்ற நேரமெல்லாம் பிஜிஎம்ஐ, போனில் நாலு பேர் கூட்டாக ஆடும் துப்பாக்கிச் சண்டை. 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தபோது சிதறிப்போய், அடுத்த ஜூலையில் அதுவே பிஜிஎம்ஐயாக வந்ததும் திரும்ப ஒட்டிக்கொண்ட கூட்டம் நாங்கள். பாய், ஆம்புலன்ஸ் தம்பி, நான். நாலாவது ஆள் 'ஸ்டார்' வந்து இரண்டு மாசம்தான் ஆகிறது. எல்லாரும் வேலூர் சுற்றுவட்டாரம், ஆனால் யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. தம்பியின் மைக்கில் அடிக்கடி சைரன் கேட்கும், அதனால் அவன் தொழிலைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. பாயின் மைக்கில் மட்டும் தடக்… தடக்… என்று ஒரே சீரான ஓர் உருளல். இன்று கேட்டே விட்டேன்: "மாவு ஆட்டறீங்களா பாய்?"

இரண்டு நிமிஷம் சிரித்தார். "ட்ரம்மு தம்பி. தோல் ட்ரம்மு. உங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போவுது."

தம்பியை 'டேய்' என்கிறவர் எனக்கு மட்டும் 'வாங்க, போங்க' போடுவார். வயசுக்கு மரியாதை போல.

ஜூன் 3, செவ்வாய்

பாய்க்கு ராணிப்பேட்டை பக்கம் ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், நைட் ஷிப்ட். இன்று ஆட்டத்தைத் தொடங்காமல் கேம் லாபியில் உட்கார்ந்தபடியே பாதி ராத்திரி அதைத்தான் பேசினோம். மர ட்ரம், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருக்குமாம். சுண்ணாம்பில் போட்டு முடி எடுத்த தோலை உள்ளே தள்ளி, குரோமியம் உப்பைக் கலந்து மூடிவிட்டால், "அது பாட்டுக்கு சுத்திகினே இருக்கும், நான் பாட்டுக்கு சுட்டுகினே இருப்பேன்." காலையில் திறந்தால் தோல் வெளிர் நீலம். அதற்குப் பெயர் வெட் ப்ளூ.

பதம் ஆகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? ஒரு சின்னத் துண்டு வெட்டி, கொதிக்கிற தண்ணீரில் போடுவார்களாம். சுருங்கினால் இன்னும் கொஞ்சம் சுற்றணும். சுருங்காமல் கிடந்தால் ட்ரம்மை நிறுத்தலாம். அவர் அப்பா காலத்தில் எல்லாம் ஆவாரம்பட்டைதான், வாரக்கணக்கில் ஊறும். அந்த வாசனை பிடிக்கும் என்றார். இந்த வாசனையைப் பற்றிக் கேட்டேன். "மூக்கு எப்பவோ ரிடையர் ஆயிடுச்சு."

இப்போதுதான் புரிகிறது, மனுஷன் எப்படி ஆட்டத்தில் ஜோன், அதாவது உயிரோடு இருக்கக்கூடிய வட்டம், சுருங்குகிற வரைக்கும் இருபது நிமிஷம் புல்லுக்குள் அசையாமல் படுத்திருக்கிறார் என்று. எனக்கு மூன்றாவது நிமிஷமே முதுகு அரிக்கும்.

ஜூன் 5, வியாழன்

தம்பி இன்றும் ஜீப்பை மலையிலிருந்து கீழே விட்டான். நாலு பேரும் காலி. "நீயெல்லாம் ஆம்புலன்ஸ் ஓட்டறியாடா" என்று பாய் கத்தினார். "அங்க பின்னாடி பேஷன்ட் இருக்காங்க பாய். இங்க நீங்கதானே இருக்கீங்க."

அடுத்த மேட்சில் நான் பாதியில் ஓட வேண்டியதாயிற்று. வங்கதேசத்துக் குடும்பம் ஒன்று, அப்பாவுக்கு இதயம். வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் சி ஃபார்ம் ஆன்லைனில் ஏற்ற வேண்டும். பாஸ்போர்ட் எண், விசா எண், ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக. முன்பெல்லாம் இதைச் சலித்துக்கொண்டே அடிப்பேன். போன ஆகஸ்டில் அங்கே ஆட்சி கவிழ்ந்து, விசா இறுகியதிலிருந்து ஒரு மாடியே பூட்டிக் கிடக்கிறது. இன்று ஓர் எழுத்துகூடப் பிழையில்லாமல் அடித்தேன். பெரியவருக்குப் படுக்கை விரித்து, ரிப்போர்ட் ஃபைலை வாங்கி அடுக்கி, காலையில் எந்த வாசலில் வரிசை என்று சொல்லிவிட்டு வந்தால், ஆட்டத்தில் வரும் ஊரான போச்சின்கியில் என் பிணத்துக்குப் பக்கத்தில் யாரோ லூட் பண்ணிக்கொண்டிருந்தான்.

ஜூன் 7, சனி

பக்ரீத். பாய் ஆளில்லை. ஒரு மணிக்கு மேல் வாய்ஸ் மெசேஜ் வந்தது, மூச்சு வாங்க. மேல்விஷாரத்தில் மச்சான் குடோனில் உப்புப் போட்டுக்கொண்டிருக்கிறார். மதரசாக்களுக்குத் தானமாக வந்த ஆட்டுத்தோல், மலை மாதிரி. உரித்த சில மணி நேரத்துக்குள் உப்பு ஏறணும், இந்த வெயிலுக்குத் தாமதித்தால் முடி கையோடு வந்துவிடும், அப்புறம் தோலுக்கு விலை இல்லை. இப்போதே பெரிதாக இல்லையாம். "உப்பு வாங்கின காசு தேறுனா சரி."

ஜூன் 8, ஞாயிறு

ஸ்டார் மைக் போட்டதே கிடையாது. எழுத்தில் மட்டும்தான் பேச்சு. ஆனால் ஸ்னைப்பர் கையில் இருந்தால் எங்களில் அதுபோல் ஆள் கிடையாது. இன்று அடித்த நாலும் வீண்.

"என்ன மச்சான், தூக்கமா?"

"விரல்ல ஊசி ஏறிடுச்சு. ஸ்கோப் எடுக்க முடியல."

ஆம்பூர் பக்கத்துக் கிராமம். கம்பெனியிலிருந்து ஷூவின் மேல்பாகம் மட்டும் மூட்டையாக வீட்டுக்கு வரும், அடிப்பாகத்தைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. கையாலேயே தையல், ஜோடிக் கணக்கில் கூலி. ஒரு ஜோடிக்கு ஒரு டீக் காசு. தைத்து முடித்துத்தான் ஆட உட்காருவது.

மைக் ஏன் போடுவதில்லை என்று தம்பி கேட்டான்.

"மாமியார் பக்கத்துல படுத்திருக்காங்க. பேசினா இந்த ஷூவே என் மேல வரும்."

மாமியாரா! இரண்டு மாசமாக மச்சான், மச்சான் என்று கூப்பிட்டிருக்கிறோம். பாய் உடனே, "இனிமே தங்கச்சிம்மா" என்றார்.

"வேணாம் பாய். மச்சான்னே இருக்கட்டும். தங்கச்சின்னா எல்லாரும் எனக்கு முன்னாடி வந்து மறைச்சுகினு நிப்பீங்க. ஒருத்தனையும் சுட முடியாது."

அவள் சொல்வது நியாயம்தான். அடுத்த மேட்சில் தம்பி அதைத்தான் செய்தான், திட்டு வாங்கினான்.

ஜூன் 10, செவ்வாய்

பாய் திரும்பிவிட்டார், உப்பு அரித்து உள்ளங்கை எரிகிறதாம். பேச்சுவாக்கில், "உங்க வார்டுல இன்னிக்குக் கூட்டம் இல்லியா?" என்றார்.

"எந்த வார்டு?"

"ராத்திரி பூரா ரிப்போர்ட்டு, ஸ்கேனு, பெங்காலி பேஷன்ட்டுன்னு பேசிகினு இருக்கீங்களே. டாக்டருதானே நீங்க?"

"லாட்ஜுல ரிசப்ஷன் பாய்."

மூன்று மைக்கிலும் சத்தமில்லை. ஸ்டார் மட்டும் வரிசையாகச் சிரிப்பு பொம்மை அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"டேய்," என்றார் பாய். "அப்ப என் முதுகு வலிக்கு நீ சொன்ன தைலம்?"

"எங்க மேனேஜர் தேய்க்கிறது."

"நல்லாத்தான்டா கேக்குது. சரி, போச்சின்கில குதி."