நீர்த்தல் கணக்குகள்: சூத்திரத்தை விட்டு மோல்களைப் பின்தொடர்ந்த அனுபவம்

மேல்நிலை வேதியியலில் நீர்த்தல் கணக்குகள், அதாவது கரைசலில் நீர் சேர்த்துச் செறிவைக் குறைக்கும் கணக்குகள், எனக்குப் பிடிபட்டது, சூத்திரத்தைச் சில காலம் ஒதுக்கி வைத்த பிறகுதான். தொடக்கச் செறிவையும் கனஅளவையும் பெருக்கினால் வருவது, இறுதிச் செறிவையும் கனஅளவையும் பெருக்கினால் வருவதற்குச் சமம் என்பது வகுப்பில் அனைவருக்கும் மனப்பாடம். அது ஏன் சமம் என்று கேட்டுப் பார்த்தபோதுதான் வழி திறந்தது. மோல் என்பது பொருளின் துகள்களை எண்ணும் அலகு; ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் கரைபொருள் இருக்கிறது என்பதே மோலாரிட்டி, அதை மோலார் என்ற அலகில் சொல்வோம். மோலாரிட்டியை லிட்டரில் சொல்லப்பட்ட கனஅளவால் பெருக்கினால் கிடைப்பது கரைபொருளின் மோல் எண்ணிக்கை. நீரை மட்டும் சேர்க்கும்போது அந்த எண்ணிக்கை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. எனவே எந்தக் கணக்காக இருந்தாலும், முதல் வரியில் மோல்களை எழுதிவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

250 மி.லி. அளவுள்ள 2 மோலார் சோடியம் குளோரைடு கரைசலை 0.5 மோலாராக மாற்ற எவ்வளவு நீர் சேர்க்க வேண்டும் என்பது வழக்கமாகக் கேட்கப்படும் வகை. கரைசலில் இருப்பது 0.5 மோல், அது 0.5 மோலாராக வேண்டுமானால் மொத்தக் கனஅளவு 1000 மி.லி. ஆக வேண்டும். கேட்கப்பட்டதோ சேர்க்கும் நீரின் அளவு என்பதால் விடை 750 மி.லி. மொத்த அளவு, சேர்க்கும் அளவு ஆகிய இரண்டில் எது கேட்கப்படுகிறது என்பதை அடிக்கோடிட்டுப் படிப்பது இங்கே பெரிதும் உதவியது.

அதிக நேரம் எடுத்துக்கொண்டது அடர் அமிலக் கணக்குகளே. புட்டியின் மேல் மோலாரிட்டிக்குப் பதிலாக 98 சதவீதம், அடர்த்தி 1.84 கிராம்/மி.லி. என்று மட்டும் இருக்கும். ஒரு லிட்டர் அமிலத்தைக் கற்பனை செய்துகொண்டால் முடிச்சு அவிழ்ந்துவிடும்: அதன் நிறை 1840 கிராம், அதில் 98 சதவீதம் சல்பூரிக் அமிலம், அதன் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் நிறை, 98 கிராம், ஆக 18.4 மோல். இதிலிருந்து 500 மி.லி. அளவில் 0.46 மோலார் கரைசல் வேண்டுமென்றால் தேவை 0.23 மோல், அதாவது 12.5 மி.லி. அடர் அமிலம்.

இதையே ஆய்வகத்தில் ஆசிரியரின் மேற்பார்வையில் செய்தபோது, தாளில் தெரியாத பல விவரங்கள் தெளிவாயின. நீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாகக் கலக்கியபடி ஊற்ற வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றினால் வெளிப்படும் வெப்பத்தில் நீர் கொதித்து அமிலம் தெறிக்கும். கரைசல் ஆறிய பிறகே அதை அளவுக்குடுவைக்கு மாற்றிக் குறி வரை நீர் சேர்க்க வேண்டும். சூட்டோடு குறி வரை நிரப்பினால், ஆறும்போது கரைசல் சுருங்கி மட்டம் குறிக்குக் கீழே இறங்கிவிடும். கடைசிச் சில துளிகளைச் சொட்டுக்குழாயால் விட்டு, வளைந்த மேல்மட்டத்தின் அடிப்பகுதி குறியைத் தொடுவதைக் கண்மட்டத்தில் வைத்துப் பார்த்த அந்தக் கணத்தில், இறுதிக் கனஅளவு என்றால் என்ன என்பது எனக்கு முழுமையாக விளங்கியது.

ஒரே பொருளின் இரு கரைசல்களைக் கலக்கும் கணக்குகளுக்குத் தனிச் சூத்திரம் தேவைப்படவில்லை. 100 மி.லி. 3 மோலாரிலும் 200 மி.லி. 1.5 மோலாரிலும் தலா 0.3 மோல் இருக்கிறது, ஆக 0.6 மோல் 300 மி.லி.யில் பரவி 2 மோலார் ஆகிறது. ஆனால் அமிலமும் காரமும் கலக்கும்போது வினை நிகழ்வதால் நீர்த்தல் சமன்பாடு அப்படியே பொருந்தாது: ஒரு மோல் சல்பூரிக் அமிலத்தை நடுநிலையாக்க இரண்டு மோல் சோடியம் ஹைட்ராக்சைடு வேண்டும்.

நான் மிகவும் விரும்பிய கணக்கு, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை 10⁻⁸ மோலார் வரை நீர்த்தால் பி.எச். (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு; 25 டிகிரி செல்சியஸில் 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) என்ன என்பது. பத்து மடங்கு நீர்க்கும்போதெல்லாம் பி.எச். ஒன்று உயரும் என்ற கணக்கில் 8 என்று வரும். ஆனால் அமிலத்தை எவ்வளவு நீர்த்தாலும் அது காரமாக முடியாது. இந்த அளவில் நீர் தானே தரும் ஹைட்ரஜன் அயனிகளையும் சேர்த்தே எண்ண வேண்டும். அப்போது, 25 டிகிரி செல்சியஸில், விடை ஏறத்தாழ 6.98.