ஹாஸ்டலுக்கு வைஃபை பிரித்த கதை

கோவை பீளமேட்டில் சித்தப்பா நடத்தும் ஆண்கள் ஹாஸ்டலில் மூன்று மாடி, 22 அறைகள். வைஃபை பாஸ்வேர்டு ஒன்றே ஒன்று. அதுவும் சாப்பாட்டுக் கூடத்தில் மெனு அட்டைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும். காலி செய்துவிட்டுப் போன பையன்கூட எதிர் டீக்கடையில் நின்றால் நெட் வரும். இதற்கெல்லாம் அசையாத சித்தப்பா ஒருநாள் போனில் பதறினார்: "ஏங்கண்ணு, நம்ம கேமராவ ஒருத்தன் ரூம்ல படுத்துக்கிட்டே பாக்குறானாமா!"

உண்மைதான். கேமராப் படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியும் பையன்களின் போனும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தன. டிவிஆரின் பாஸ்வேர்டோ கடையிலிருந்து வந்தபடியே இருந்தது. அதை அன்றே மாற்றினேன். அடுத்தது நெட்வொர்க்கைப் பிரிப்பது.

முதலில் கஞ்சத்தனம் பார்த்தேன். 'கெஸ்ட் நெட்வொர்க்' வசதியுள்ள வீட்டு ரவுட்டர்கள் இரண்டை வாங்கி, இருக்கும் நெட்டை வைஃபையாகப் பரப்ப மட்டும் செய்யும் ஆக்சஸ் பாயின்ட் மோடில் மாட்டினேன். கெஸ்ட்டில் சேர்ந்து டிவிஆர் முகவரியை அடித்தால் லாகின் பக்கம் ஜம்மென்று திறந்தது. அந்த மோடில் பெட்டி வெறும் பாலம்தான், யாரையும் தடுக்காது. பணம் போனது போனதுதான்.

அப்புறம்தான் முறையாகத் தேடினேன். ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் தனித்தனி விலான் எண் (ஒரே கேபிளுக்குள் நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிக்கும் எண்) தர முடிய வேண்டும், ஆளுக்கொரு லாகின் தரும் டபிள்யூபிஏ2 என்டர்பிரைஸ் வேண்டும், நெட் கேபிளிலேயே கரண்டும் போக வேண்டும். யூனிஃபை, ஓமடா என்ற இரண்டு பிராண்டு ஆக்சஸ் பாயின்ட்டுகளிலுமே இவை உண்டு. பட்ஜெட்டைப் பார்த்து ஓமடா வாங்கினேன்.

லாகினுக்கு இரண்டு வழி. பிரௌசரில் பக்கம் திறந்து கூப்பன் எண் கேட்பது எளிது, ஆனால் அது போனை மேக் முகவரி என்ற அதன் வைஃபை எண்ணை வைத்துத்தான் அடையாளம் காணும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் இயல்பாகவே பொய் மேக் முகவரிதான் காட்டுகின்றன; அது மாறினால் அதே போன் புதிய போனாகத் தெரியும். அதனால் கூப்பன், ஒருநாள் தங்கும் பெற்றோருக்கு மட்டும். மாதக்கணக்கில் இருப்பவர்களுக்கு என்டர்பிரைஸ். ஆள் காலி செய்தால் அவன் பெயரை மட்டும் அழித்தால் போதும்.

லாகின் பெயர்களைச் சரிபார்க்க, மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு ஃப்ரீரேடியஸ் என்ற மென்பொருளை ஓட்டினேன். லாகின் கேட்பது நம் கம்ப்யூட்டர்தானா என்று போன் பார்ப்பது சர்டிபிகேட் என்ற கோப்பை வைத்து. புதிய ஆண்ட்ராய்டு போன்களில் 'சர்டிபிகேட் சரிபார்க்க வேண்டாம்' என்ற வழியையே எடுத்துவிட்டார்கள். ஒரு ஞாயிறு முழுக்க மெஸ் மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு போனிலும் சர்டிபிகேட் ஏற்றினேன். கூடத்து டிவிக்கு என்டர்பிரைஸ் தெரியாது, அதற்குச் சாதாரண பாஸ்வேர்டில் இன்னொரு பெயர்.

விலான் 10 ஆபீஸ், கேமரா. 20 பையன்கள். 30 விருந்தினர், டிவி. கேபிள்களை இணைக்கும் பழைய நெட்வொர்க் ஸ்விட்சைக் கழற்றி விலான் தெரிந்த ஸ்விட்ச் போட்டேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்து 20-இல் சேர்ந்து டிவிஆரைத் தட்டினால், மறுபடி திறக்கிறது! அரைமணி நேரம் ஆக்சஸ் பாயின்ட்டைத் திட்டினேன். தப்பு அதன்மேல் இல்லை. வேறு வேறு விலான் என்றாலும், தடுக்கச் சொல்லாதவரை நடுவில் இருக்கும் ரவுட்டரே இதிலிருந்து அதற்கு ஆளைக் கூட்டிக்கொண்டு போகும். 20, 30-இலிருந்து 10-க்குப் போகாதே என்று ரவுட்டரின் காவல்காரனான ஃபயர்வாலில் இரண்டு விதி எழுதிய பிறகுதான் கதவு சாத்தியது. ஒரு பையனின் போன் இன்னொருவனுடையதைப் பார்க்காமலிருக்க வைஃபையில் ஐசொலேஷனையும் போட்டேன்.

முதல் வாரமே ராத்திரி கரண்ட் போய் வந்தது. சிக்னல் முழுசாக இருக்கிறது, ஒருவனுக்கும் லாகின் ஆகவில்லை. பழைய கம்ப்யூட்டர் தூங்கிக்கொண்டிருந்தது. கரண்ட் வந்ததும் தானே எழும்படி அதன் அடிப்படை செட்டிங்கான பயாஸில் மாற்றி, ஒரு யுபிஎஸ்ஸும் வைத்தேன்.

மறுநாள் டீ குடிக்கப் போனபோது கடைக்கார அண்ணன் கிளாஸை நீட்டியபடி கேட்டார்: "ஏந்தம்பி, ஹாஸ்டல்ல நெட்டு கட் பண்ணீட்டீங்களா? நாலஞ்சு நாளா எனக்கு வரவே மாட்டேங்குது."