ஸ்டெப்னி தேடி ஸ்டெப்னி பிறந்த ஊருக்கு

பிரின்அமன் ஊரைத் தாண்டி மலை ஏறத் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஒரு செம்மறியாடு சாலையின் நடுவே வந்து நின்றது. வேகம் குறைவுதான். ஆட்டுக்கு வழி விட்டு இடது ஓரமாக ஒதுங்கினேன். ஓரத்தில் தார் பெயர்ந்து கத்திபோல நின்றிருந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. ஒரு சத்தம், அவ்வளவுதான். இறங்கிப் பார்த்தால் முன்பக்க இடது டயரின் பக்கவாட்டில் இரண்டு விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல்.

வேல்ஸின் ஏ4069 சாலையில் ஓட்ட வேண்டும் என்பது எனக்கு வெகுநாள் ஆசை. தெற்கே பிரின்அமன், வடக்கே லங்காடோக், நடுவில் வேல்ஸ் மொழியில் 'மனித் டீ' என்று சொல்லும் கருமலை. காரோட்டப் பிடித்தவர்கள் எங்கிருந்தெல்லாமோ இதற்காகவே வருகிறார்கள். பிரிஸ்டலிலிருந்து நான், மனைவி, ஏழு வயது மகள் மூவரும் ஒரு சனிக்கிழமை காலை கிளம்பினோம். வழியில் அம்மன்ஃபோர்டு என்று ஒரு ஊர். அம்மன் என்பது அங்கே ஓடும் ஆற்றின் பெயராம். பலகையைப் படித்ததும் மனைவி "என்னங்க, நம்ம ஊர்ப் பேரா இருக்கே" என்று கைகூப்பினாள். அந்த நல்ல மனநிலையில்தான் மலையேறினோம்.

வண்டி 2017 ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ., அதாவது கோல்ஃபின் வேக வகை, 245 குதிரைத்திறன், பழையதாக வாங்கியது. இப்போது வரும் பெரும்பாலான கார்களைப் போல இதிலும் ஸ்டெப்னி கிடையாது. பின்னால் தரைப்பலகையைத் தூக்கினால் ஒரு புட்டி ஒட்டுத்திரவமும் சிறு காற்று பம்பும் இருக்கும். டயர் தரையில் படும் பகுதியில் ஆணி ஏறினால் அந்தத் திரவம் உதவும், அதுவும் 4 மில்லிமீட்டர் அளவு ஓட்டை வரைக்கும்தான். பக்கவாட்டுக் கிழிசலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. என் டயர் 225/40 ஆர்18: அகலம் 225 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அதில் 40 சதவீதம், ரிம் 18 அங்குலம். அதில் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே இருப்பதே 90 மில்லிமீட்டர் ரப்பர்தான், இந்த மாதிரிச் சாலையில் அதைக் கிழிக்க ஒரு கல் போதும்.

செல்பேசியில் சிக்னல் இல்லை. அந்த வழியாக வந்த ஒருவர் கீழே போய்த் தகவல் சொன்னார். குளிரில் இரண்டரை மணி நேரம். மகள் பின்சீட்டில் போர்வைக்குள் சுருண்டு "எப்பப்பா வீட்டுக்குப் போவோம்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு பிரிஸ்டல் திரும்பினோம். மலை உச்சியைப் பார்க்கவே இல்லை.

என் அப்பா திருநெல்வேலியில் அம்பாசிடர் ஓட்டியவர். குற்றாலம் போவதென்றாலும் கிளம்பும் முன் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்காமல் ஏறமாட்டார். அன்று இரவு அவரிடம் நடந்ததைச் சொன்னபோது சற்று நேரம் பேசவில்லை. அப்புறம் "குழந்தைய வச்சுக்கிட்டு ஸ்டெப்னி இல்லாமலா மலைக்குப் போன?" என்றார். அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

சரி, ஒன்று வாங்கிவிடலாம் என்று இறங்கினால், அது அவ்வளவு லேசான வேலை இல்லை. சாதாரண கோல்ஃபுக்குப் பொருந்தும் ஸ்டெப்னி எல்லாம் ஜி.டி.ஐ.க்குப் பொருந்திவிடாது. காரணம் பிரேக். என் வண்டியின் முன்பக்க டிஸ்க் 340 மில்லிமீட்டர், அதற்கு மேல் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் வேறு உட்கார்ந்திருக்கிறது. 16 அங்குல ரிம்மை மாட்டினால் உள்பக்கம் காலிப்பரில் இடிக்கும். அடுத்தது போல்ட் வட்டம், அதாவது போல்ட்கள் அமைந்த வட்டத்தின் விட்டம்: ஐந்து போல்ட், 112 மில்லிமீட்டர். ஜப்பான், கொரியக் கார்கள் பலவற்றில் 114.3, ஃபோர்டு ஃபோகஸில் 108. கண்ணால் பார்த்தால் 112-க்கும் 114.3-க்கும் வித்தியாசமே தெரியாது. "முறுக்கினா உட்கார்ந்துரும்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள், ஓடும்போது போல்ட் தளர்ந்துவிடும்.

நான் தவறியது மூன்றாவது அளவில். ஒரு ஆடி ஏ4-இன் ஸ்டெப்னி 45 பவுண்டுக்குக் கிடைத்தது. ஐந்து போல்ட், 112, எல்லாம் சரி என்று வாங்கி வந்து மாட்டினால் நடுத்துளை, சக்கரம் மாட்டும் நடுப்பாகமான ஹப்பில் கவ்வாமல் ஆடுகிறது. ஜி.டி.ஐ.யின் ஹப்புக்கு 57.1 மில்லிமீட்டர் துளை வேண்டும். 2008-க்குப் பிறகு வந்த ஏ4-க்கு 66.6, பென்ஸுக்கும் அதுவே. சக்கரத்தைச் சரியாக நடுவில் உட்கார வைப்பது அந்தத் துளைதான். இடைவெளியை நிரப்ப வளையம் விற்கிறார்கள், ஆனால் ஆபத்து நேரத்தில் இருட்டில் அந்த வளையத்தைத் தேடிக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை. அந்த ஸ்டெப்னியை விற்றுவிட்டேன்.

பிறகு புரிந்தது, தேட வேண்டியது ஜி.டி.ஐ.யை அல்ல, அதன் உடன்பிறப்புகளை. இதே அடித்தளத்தில் செய்த ஸ்கோடா ஆக்டேவியா வி.ஆர்.எஸ்.ஸுக்கு 125/70 ஆர்18 என்ற மெல்லிய ஸ்டெப்னி உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அதன் முழு விட்டம் 632 மில்லிமீட்டர், என் டயருடையது 637. ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம். போல்ட் வட்டமும் நடுத்துளையும் அதே அளவு. மூன்று வாரம் தேடி ஒன்றைக் கண்டுபிடித்தேன். விற்பவர் இருந்த ஊர் லனெல்லி.

அந்தப் பெயரைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது. ஸ்டெப்னி என்று நாம் சொல்லும் சொல் பிறந்தது அந்த ஊரில்தான். 1904-இல் லனெல்லியைச் சேர்ந்த தாமஸ் மோரிஸ் டேவிஸ் என்பவர் ஒரு யோசனை செய்தார். அன்றைய கார்களில் மாற்றுச் சக்கரம் கிடையாது, பஞ்சரானால் நடுவழியில் உட்கார்ந்து ஒட்ட வேண்டும். இவர் ஆரக்கால் இல்லாத ஒரு ரிம்மில் காற்றடைத்த டயரைப் பூட்டி, பஞ்சரான சக்கரத்தின் பக்கத்திலேயே அதைக் கவ்வ வைத்துவிட்டு ஓட்டும்படி செய்தார். தம் சகோதரர் வால்டரோடு சேர்ந்து அதை விற்றார். கடை இருந்தது ஸ்டெப்னி தெருவில், அந்தப் பெயரே பொருளுக்கும் வந்தது. இங்கிலாந்தில் இந்தச் சொல்லை மறந்துவிட்டார்கள். நம் ஊர் லாரி ஷெட்டிலும் பஞ்சர் கடையிலும் அது உயிரோடு இருக்கிறது, மால்டாவில் இருக்கிறது, பிரேசிலில் 'எஸ்தெப்பி'யாக இருக்கிறது.

அடுத்த ஞாயிறு எம்4 நெடுஞ்சாலையில் 48-ஆம் சந்திப்பு வரை போய் இறங்கினோம். விற்பவர் எழுபதைத் தாண்டிய பெரியவர். ஊர்ப்பெயரை நான் உச்சரித்த விதத்தைக் கேட்டு, அந்த இரட்டை 'ல'வை எப்படிச் சொல்வது என்று பொறுமையாகக் கற்றுத் தந்தார்: நாக்கை 'ல' சொல்லும் இடத்தில் வைத்து, குரல் இல்லாமல் பக்கவாட்டில் காற்றை மட்டும் விட வேண்டும். ல, ள, ழ என்று பழகிய நாக்குக்கும் அது புதுசு. மகளுக்கு முதல் தடவையிலேயே வந்துவிட்டது.

வாங்கும் முன் மாட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன், தாராளமாக என்றார். இதை எல்லாரும் செய்ய வேண்டும். முன்சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டி, கையால் முழுச் சுற்று சுற்றி, காலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்று பார்த்தேன். நுழைந்தது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் 2316, அதாவது 2016-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம் செய்தது. பழசுதான், ஆனால் வெடிப்பு இல்லை, ஒரு தடவைகூடத் தரை தொடாதது. 80 பவுண்டு கொடுத்தேன். ஒட்டுத்திரவப் புட்டியோடு வரும் கார்களில் ஜாக்கியும் ஸ்பேனரும் பெரும்பாலும் இருக்காது என்பதால் அவற்றையும் அவரிடமே வாங்கிக்கொண்டேன்.

"எங்க ஊர்ல இதுக்குப் பேரே ஸ்டெப்னிதான்" என்று சொன்னேன். பெரியவர் முகம் மலர்ந்தது. "இன்னுமா?" என்றார். "எங்க அப்பா தினமும் சொல்ற வார்த்தை" என்றேன். உள்ளே போய் மனைவியைக் கூட்டி வந்து, என்னை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

ஸ்டெப்னி தெரு இன்று சாதாரணக் கடைத்தெரு. ஞாயிறு மதியம் ஆள் நடமாட்டம் குறைவு. பெயர்ப்பலகை அருகே மூவரும் நின்று படம் எடுத்துக்கொண்டோம். நூறு வருடத்துக்கு முன் இங்கிருந்து கப்பலேறிய ஒரு பெயர் என் அப்பாவின் டிக்கிக்குள் வந்து சேர்ந்ததை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

இந்த மெல்லிய ஸ்டெப்னியைப் பயன்படுத்துவதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஜி.டி.ஐ.யின் முன்சக்கரங்கள்தான் வண்டியை இழுக்கின்றன, திருப்புகின்றன, பிரேக்கிலும் பெரும்பங்கு அவற்றுக்கே. அதனால் முன்டயர் போனால், பின்னால் இருக்கும் நல்ல சக்கரத்தை முன்னால் கொண்டு வந்து, ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டுவதுதான் என் வழி. இரண்டு தடவை ஜாக்கி போட வேண்டும், கூடுதலாகப் பதினைந்து நிமிடம், பரவாயில்லை. காற்று 60 பாயிண்ட், போல்ட் இறுக்கம் 120 நியூட்டன் மீட்டர், வேகம் மணிக்கு 80 கிலோமீட்டருக்குள்.

அங்கிருந்து நேரே கருமலைக்கு. பழைய கிழிசல் இடத்தைத் தாண்டும்போது மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மேலே பழைய சுண்ணாம்புக்கல் குவாரி அருகே நிறுத்தினோம். வடக்கே பச்சைப் பள்ளத்தாக்கு முழுக்க விரிந்து கிடந்தது, சாலை வளைந்து வளைந்து கீழே இறங்கியது. மகள் ஆடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அதிசயமாக அங்கே சிக்னல் கிடைத்தது, அப்பாவைக் கூப்பிட்டேன்.

"ஸ்டெப்னில காத்து பாத்தியா?"

"பாத்துட்டேன்பா. அறுபது."

"அறுபதா? காருக்கா?" என்று கேட்டார். மெல்லிய டயர், உள்ளே காற்றுக்கு இடம் கொஞ்சம், தாங்கும் பாரமோ நிறைய, அதனால் அழுத்தம் அதிகம் வேண்டும் என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் அம்பாசிடருக்கு எத்தனை வைப்பார் என்று சொல்ல ஆரம்பித்தார்.