ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்றால்
ஆன்டிபாடி என்பது கிருமியைப் பிடிக்க உடல் தயாரிக்கும் புரதம். அது நம் செல்லின் உட்கருவையே பிடிக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்தான் ஏ.என்.ஏ. ஆன்டிபாடி சர்க்கரையையும் பிடிக்கும். இது ரத்தத்தில் ஏறும் சுகர் அல்ல, செல்லின் மேல் கோத்திருக்கும் சர்க்கரைச் சங்கிலி. ஏ, பி ரத்த வகைகளைப் பிரிப்பதே அதன் நுனியில் உள்ள ஒரே ஒரு சர்க்கரைதான். ஏ வகைக்காரரின் ரத்தத்தில் பி சர்க்கரைக்கு எதிரான ஆன்டிபாடி இயல்பாகவே இருக்கும். ஆக, சர்க்கரைக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தாலே நோய் என்று ஆகாது.

முடக்குவாதத்தில் கதை வேறு, அங்கே மாறுவது ஆன்டிபாடியின் மேலேயே உள்ள சர்க்கரை. ரத்தத்தில் அதிகம் உள்ள ஐஜிஜி வகை ஆன்டிபாடியின் வால்பகுதியில் ஒட்டியுள்ள சங்கிலியில் கேலக்டோஸ் என்ற சர்க்கரை குறைந்துவிடுகிறது, 1985-லேயே கண்டுபிடித்தார்கள். கர்ப்பகாலத்தில் அது திரும்பக் கூடுகிறது, பலருக்கு மூட்டுவலியும் தணிகிறது. பிரசவத்துக்குப் பின் இரண்டும் தலைகீழ். எனக்கு இன்னும் வியப்புத் தீராத உண்மை இது.

லேப்பில் இந்தச் சர்க்கரையை வழக்கமாக அளப்பதில்லை. லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) சந்தேகம் என்றால் கேட்க வேண்டியது ஏ.என்.ஏ.: இம்யூனோஃப்ளோரசன்ஸ் (ஒளிரும் சாயம்) முறையில், ஹெப்-2 என்ற லேப்பில் வளர்த்த மனித செல்லில், டைட்டரும் (எத்தனை மடங்கு நீர்த்தும் தெரிகிறது) பேட்டர்னும் (ஒளிரும் வடிவம்) சேர்த்து. வெறும் வயிறு தேவையில்லை. 1:40, அதாவது 40 மடங்கு நீர்த்தும் தெரிவது, ஆரோக்கியமானவர்களிடமும் சாதாரணமாக வரும். 2019 லூபஸ் வரையறை 1:80-லிருந்துதான் கணக்கில் எடுக்கிறது, அதுவும் அறிகுறி இருந்தால்தான்.

லூபஸ் உறுதியான பின் மாதாமாதம் ஏ.என்.ஏ. பார்ப்பது காசுக்குக் கேடு. டி.எஸ்.டி.என்.ஏ. (டி.என்.ஏ.வுக்கு எதிரான ஆன்டிபாடி), சி3, சி4 (நோய் தீவிரமானால் ரத்தத்தில் குறையக்கூடிய எதிர்ப்புப் புரதங்கள்) பாருங்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். சிறுநீரகம் வலிக்காமலே கெடும்.

சென்னை சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கென்றே வாதநோய்ப் பிரிவு இருக்கிறது. பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள்.