காட்டாமணக்கும் பஜ்ஜி எண்ணெயும்

போன வாரம் ஊருக்குப் போனப்ப பெரியப்பா தோட்டத்து வேலில ரெண்டு காட்டாமணக்கு செடி இன்னும் நிக்கிறதப் பாத்து சிரிப்பு வந்துருச்சு. 2006 வாக்குல எங்க பக்கம் இதே பேச்சுதான், இதுல டீசல் வருதாம், தண்ணியே வேணாமாம், கரட்டு நிலத்துல வருமாம், ஆடு கடிக்காதாம், கம்பெனிக்காரங்களே வந்து விதைய வாங்கிக்குவாங்களாம்னு. 2003லயே டெல்லில திட்டக்குழு அமைச்ச கமிட்டி இந்த விதை எண்ணெய்ல செய்ற பயோடீசல சாதா டீசல்ல 20% வரைக்கும் கலக்கலாம்னு அறிக்கை குடுத்துருந்துச்சு. பெரியப்பா ரெண்டு ஏக்கர்ல நட்டுட்டாரு.

ஆடு கடிக்காதுங்கிறது மட்டும் நெசம். தண்ணி இல்லன்னாலும் செடி சாகாது, ஆனா சரியா காய்க்காது. காய்ச்ச கொஞ்சமும் ஒண்ணா பழுக்காது, திரும்பத் திரும்ப ஆள் விட்டுப் பொறுக்கணும், கூலிக்கே கட்டல. பிண்ணாக்கு விஷம், மாட்டுக்கும் போட முடியாது. வாங்குறேன்னவங்க கடைசில போனே எடுக்கல.

இப்ப மச்சான் பலகாரக் கடைல பஜ்ஜி சுட்ட எண்ணெய பயோடீசலுக்குன்னு கேன்ல புடிச்சுட்டுப் போறாங்க. 1900ல பாரிஸ் கண்காட்சிலயே கடலை எண்ணெய்ல டீசல் இன்ஜின் ஓடிருக்கு, ஆனா சமையல் எண்ணெய் ரொம்ப கெட்டி, அப்படியே ஊத்துனா இன்ஜினுக்குள்ள டீசல பீச்சுற இன்ஜெக்டர் அடைச்சுக்கும். அதனால மெத்தனால்ல காஸ்டிக் சோடா கலந்து எண்ணெயோட சேத்து 60 டிகிரி கிட்ட சூடு பண்ணிக் கலக்கி அப்படியே விட்டா கிளிசரின் அடில தங்கிரும், மேல நிக்கிறது பயோடீசல். கிட்டத்தட்ட ஊத்துன எண்ணெய் அளவுக்கே கெடைக்கும். கேக்க சுலபம்தான், ஆனா திரும்பத் திரும்பக் காஞ்ச எண்ணெய்ல அமிலம் ஏறிப்போயிருக்கும், பலகாரத்துல இருந்த ஈரம் வேற, அத கவனிக்காம காஸ்டிக்க ஊத்துனா பாதி சோப்பாயிரும். அதான் மொதல்ல தண்ணிய வத்த வச்சு அமிலத்தக் கொறைக்கிறது.

எனக்கு இதுதான் உருப்படியான வழியா படுது, நெலமும் வேணாம் தண்ணியும் வேணாம், எண்ணெய் ஏற்கனவே கெடக்கு. சிக்கல் என்னன்னா அதுக்கு வேற கிராக்கி இருக்கு. போலார் காம்பவுண்ட், அதாவது எண்ணெய் திரும்பத் திரும்பக் காயுறப்ப கெட்டுப்போய் சேர்ற பொருளுங்க, 25% தாண்டுன எண்ணெய சமையலுக்குத் தொடக்கூடாதுன்னு 2018 ஜூலைலேருந்து ரூல், ஆனா மச்சான் முன்னாடி இத யாருக்கு வித்தான்னா ராத்திரி தள்ளுவண்டி சிக்கன் கடைக்கு! நானும் அங்க சாப்டுருக்கேன், அத விடுங்க.

பெரியப்பாகிட்ட இதெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் வேலியவே பாத்துட்டு, "அப்ப நானும் பஜ்ஜி சுட்டுருக்கணும்ங்கிற"ன்னாரு.