தம்பியைக் கொண்டுபோய்க் காட்டினோம்

நேர்த்தி அம்மாவுடையது. 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டை நெருங்கி வர, யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியே பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஊர்ந்தபோது, ஏழு வயதுத் தம்பி கூட்டத்தில் கைதவறிப் போய்விட்டான். இருட்டு, சைக்கிள்கள், மாட்டுவண்டிகள், தலையில் மூட்டையோடு ஆட்கள். அம்மா அழவில்லை. தெருவோரம் ஒதுங்கி, நாகபூசணி அம்மன் கோயில் இருக்கும் நயினாதீவுப் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். “நயினை அம்மாளாச்சி, பிள்ளையைத் தந்திடு. பட்டுச் சாத்தி, அவனை உன்ர வாசலிலை கொண்டுவந்து காட்டுறன்.” விடியப்புறம், பாலத்துக்கு அப்பால் கைதடியில், முன்பின் தெரியாத ஓர் ஐயாவின் சைக்கிள் பாரில் பாண் கடித்துக்கொண்டு இருந்தான்.

கொண்டுபோய்க் காட்ட 29 வருடம் பிடித்தது. முதலில் பயண அனுமதிப் பாஸ், சோதனை என்று போக வழியில்லை. பாதை திறப்பதற்குள் தம்பி ஜேர்மனிக்குப் போய்விட்டான். அவனுக்கு விசா கிடைத்து ஊர் வரும்போது அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. “நான் மட்டும் போய்ப் பட்டைக் குடுத்திட்டு வரட்டே?” என்று நான் கேட்டால் அம்மாவுக்குக் கோபம் வரும். பட்டு பாதி நேர்த்திதானாம்.

நல்லூர்க் கந்தன் திருவிழாவுக்குக் கொடி ஏறியிருந்தது. எல்லோரும் அங்கே நிற்பார்கள், நயினாதீவில் சனம் குறைவாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். பள்ளிக்கூட விடுமுறை என்பதை மறந்துபோனேன். பண்ணைப் பாலம், வேலணை, அப்புறம் இரண்டு பக்கமும் கடல் கிடக்கும் அந்த நீளமான தாம்போதி, புங்குடுதீவின் ஆளில்லாத கல்வீடுகள் என்று அம்மா வழியெல்லாம் அவனுக்குக் காட்டிக்கொண்டு வந்தார். குறிகட்டுவான் படகுத்துறையில் இறங்கியபோதுதான் வரிசையைப் பார்த்தோம். நயினாதீவிலுள்ள புத்த கோயிலான நாகவிகாரைக்குப் போகும் தென்னிலங்கை யாத்திரிகர்களின் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஒருவர் காதோடு காதாக வந்து, தனிப்படகு பிடித்துத் தருகிறேன் என்றார். அவர் சொன்ன காசைக் கேட்டுத் தம்பி மனதுக்குள் யூரோவாக மாற்றிப் பார்த்தான். அந்தக் கணக்கிலும் அது அநியாயம். வெயிலில் ஒன்றரை மணித்தியாலம் நின்றோம்.

கஷ்டம் படகில் ஏறும்போதுதான் வந்தது. சோழகக் காற்று. படகு துறைக்கு முட்டுவதும் விலகுவதுமாக ஆடிக்கொண்டிருந்தது. பின்னால் நின்றவர்கள் தள்ள, அம்மா ஒரு காலைத் தூக்கிவிட்டு மற்றக் காலை எடுக்க முடியாமல் நின்றார். கீழே தண்ணீர். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அப்போது உள்ளே இருந்த இரண்டு சிங்களப் பொடியன்கள் “அம்மே, பரிஸ்ஸமின்” (அம்மா, கவனம்) என்று அம்மாவைக் குழந்தைபோல அள்ளி உள்ளே வைத்தார்கள். அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. ஒருவனுடைய தலையில் கை வைத்து, “நல்லா இரு ராசா” என்றார். அவன் சிரித்துக்கொண்டு எங்களுக்குப் பக்கத்திலேயே இருந்தான்.

கீழ்த்தட்டு முழுக்க டீசல் மணம். ஆளுக்கொரு மிதவை அங்கி கொடுத்தார்கள். வார் அறுந்ததுதான் எனக்கு வாய்த்தது. கருடனுக்குப் பயந்து நாகம் சுற்றிக்கிடந்த கல்லையும், கருடன் கல்லையும், நடுவில் வந்து சமாதானம் செய்த வணிகனையும் அம்மா சொல்லி முடிப்பதற்குள் கரை வந்துவிட்டது. இறங்கினால் கோபுரம் கண்முன்னே நிற்கிறது. அதற்கும் “ஏறுங்கோ, கோயிலடியிலை விடுறன்” என்கிறார் ஓர் ஓட்டோக்காரர்!

தம்பி சேர்ட்டைக் கழற்றினான். உள்ளே அர்ச்சனைக்கும் நெரிசல்தான். தட்டு வைத்திருந்தவர்களை விடக் கைபேசி வைத்திருந்தவர்கள் முன்னால் நின்றார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. என்ன நேர்த்தி, என்ன தள்ளுமுள்ளு என்று மனம் சலித்த அந்த நேரத்தில் திரை விலகியது.

தீபம் மேலே ஏறியது. படமெடுத்த நாகம் தெரிந்தது. அம்மா கும்பிடவில்லை. தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, கம்பிக்கு முன்னால் நிறுத்தினார். முப்பத்தாறு வயது, தலையில் நரை, பெரிய உடம்பு. முதல் நாள் பள்ளிக்கூடத்தில் ரீச்சருக்குக் காட்டுவதுபோல அவனை முன்னே தள்ளி, “இந்தா, இவன்தான். பார்த்துக்கொள்” என்றார். கத்திச் சொல்லவில்லை. ஆனால் ஐயர் திரும்பிப் பார்த்தார். தம்பி அப்படியே நின்றான். கொஞ்ச நேரத்தில் அவனுடைய தோள் குலுங்கத் தொடங்கியது. பாலத்தடியில் தொலைந்த இரவைப் பற்றி அவன் ஒருநாளும் எங்களோடு பேசியதில்லை. அதற்குப் பிறகுதான் அம்மா கைகூப்பினார். பட்டுச் சேலையை ஐயர் வாங்கியதும், பெயர் நட்சத்திரம் கேட்டதும், எல்லாம் பிறகு யாரோ சொன்னதுபோலத்தான் எனக்கு ஞாபகம். திரை மூடும்போது அம்மாவின் வாய் மட்டும் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

என் தாயே, அந்த இருட்டில் எத்தனை தாய்மார் உன்னைக் கூப்பிட்டிருப்பார்கள். எங்கள் பிள்ளையைத் தந்தாய். சைக்கிள் வைத்திருந்த அந்த ஐயாவாக வந்தாய், இன்றைக்குப் படகில் இரண்டு பொடியன்களாக வந்தாய். வரிசையில் நின்று புறுபுறுத்ததை மன்னித்துக்கொள்.

மத்தியானம் அமுதசுரபி அன்னதான மண்டபத்தில் சாப்பிட்டோம். மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் இந்தத் தீவுதான் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. சோறும் பருப்பும் மரக்கறியும்தான். வீட்டில் அரைக்கோப்பைக்கு மேல் தொடாத அம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

திரும்பும் படகில் இடம் கிடைத்தது. அம்மா தம்பியின் தோளில் சாய்ந்திருந்தார், நித்திரை என்றுதான் நினைத்தோம்.

“நீ கலியாணம் கட்டினாப்பிறகு சோடியாக் கொண்டுவந்து காட்டுறன் எண்டு சொல்லிப்போட்டன்” என்றார் கண்ணைத் திறக்காமல்.

“எப்பயம்மா சொன்னனீங்கள்?”

“திரை மூடேக்கை.”