கல் போச்சு, ஸ்டென்ட் இருக்கு

கிட்னிக் கல்லை லேசரில் உடைத்துக்கொண்டேன் என்று சொன்னால், வயிற்றின் மேல் வெளியிலிருந்து ஏதோ வெளிச்சம் பாய்ச்சினார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எங்கள் ஸ்டாஃப் ரூமில் கெமிஸ்ட்ரி எடுப்பவர்கூட அப்படித்தான் நினைத்திருந்தார். லேசர் வெளியிலிருந்து வருவதில்லை. ஒன்றுக்குப் போகிற வழியாகவே உள்ளே நுழைந்து, சிறுநீர்ப்பையைத் தாண்டி, குழாயில் மேலே ஏறி, கிட்னிக்குள் கல்லின் எதிரே போய் நின்றுகொண்டுதான் சுடும். பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்குப் பிசிக்ஸ் எடுப்பவள் நான். அதனால் இந்தச் சமாசாரத்தில் எனக்குத் தனி ருசி உண்டு. ஆனால் இதை எழுத உட்கார்ந்தது லேசருக்காக இல்லை. அதெல்லாம் முடிந்த பிறகு உள்ளே ஸ்டென்ட் என்று ஒரு குழாயை விட்டுவைத்து அனுப்புகிறார்களே, அதற்காக.

கல் வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. மயூர் விகாரில் வீடு, கரோல் பாக் பக்கம் பள்ளிக்கூடம், ப்ளூ லைன் மெட்ரோ. காலையில் வீட்டில் ஒரு டம்ளர் காபியோடு கிளம்பினால் திரும்பி வந்துதான் நிம்மதியாகத் தண்ணீர். நடுவில் குடித்தால் ஒன்றுக்குப் போக வேண்டும். மேல்மாடி வகுப்பிலிருந்து கீழே இறங்கி ஏறுவதற்குள் பீரியட் போய்விடும். டில்லியில் ஏப்ரல் கடைசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது உடம்பிலிருக்கும் தண்ணீரெல்லாம் வியர்வையாகவே போய்விடுகிறது, சிறுநீர் கெட்டியாகிறது. பெண் ஆசிரியைகள் பலருக்கும் இதே கதைதான். யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

வலி வந்தது பள்ளியில். வலது விலாவுக்குக் கீழே பின்பக்கம் ஆரம்பித்து அடிவயிறு வரை இழுத்தது. உட்கார முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. பிரசவ வலியைப் பார்த்தவள்தான் நான். அதிலாவது நடுநடுவே மூச்சு விட இடம் கிடைக்கும். இவர் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக, ஒரு டைக்ளோஃபெனாக் ஊசி போட்ட பிறகுதான் என் பெயரைக் கேட்டவர்களுக்குப் பதில் சொன்னேன்.

மருந்து எதுவும் ஏற்றாமல் ஒரு சிடி ஸ்கேன். வலது கிட்னியிலிருந்து குழாய் புறப்படுகிற வாயிலிலேயே 11 மில்லி மீட்டர் கல் அடைத்துக்கொண்டிருந்தது. பின்னால் சிறுநீர் தேங்கிக் கிட்னி லேசாக வீங்கியிருந்தது. கல்லின் அடர்த்தி 1240 ஹெச்.யூ. (ஹவுன்ஸ்ஃபீல்டு யூனிட், சிடி ஸ்கேனில் அடர்த்தியைச் சொல்கிற அளவு) என்றும் ரிப்போர்ட்டில் போட்டிருந்தது. அந்த எண்ணை யாரும் கவனிப்பதில்லை, ஆனால் அடுத்து என்ன செய்வது என்பதில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

மாடி வீட்டு ஆன்ட்டி, “பத்தரிதானே (ஹிந்தியில் கல்), ரெண்டு பாட்டில் பீர் குடி, சரியாகிவிடும்” என்றார். பீர் சிறுநீரைப் பெருக்கும், உண்மை. வாயிலை அடைத்துக்கொண்டு நிற்கும் கல்லுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் சிறுநீரைத் தேக்கினால் என்ன ஆகும் என்று எந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும்.

யூராலஜிஸ்ட் பீகார்க்காரர், அவசரப்படாமல் பேசுகிறவர். ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். சிறுநீர்க்குழாயின் உள்வழி மூன்று, நான்கு மில்லி மீட்டர்தான். 5 மில்லி மீட்டருக்குக் குறைவான கல் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். என்னுடையது இறங்காது. அப்படியானால் மூன்று வழி. முதலாவது, வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைப்பது. இதைத்தான் ஊரில் பலர் லேசர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இதில் வெளிச்சமே கிடையாது, ஒலியின் இனம். 1980-ல் மியூனிக்கில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்தார்கள். அந்த இயந்திரத்தைச் செய்தது டோர்னியர் என்ற விமானக் கம்பெனி என்பது எனக்குப் பிடித்த உபரித் தகவல். ஆனால் 1000 ஹெச்.யூ.வுக்கு மேற்பட்ட கல் அதிர்வலைக்குச் சரியாக மசியாது. அடுத்தது, முதுகில் சின்னத் துளை போட்டு எடுப்பது. இரண்டு சென்டி மீட்டருக்கு மேற்பட்ட கல்லுக்கு அதுதான் முதல் வழி. எனக்கு மூன்றாவது: ஆர்ஐஆர்எஸ். வளையும் தூர்பீனை (எண்டோஸ்கோப்பை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்) உள்ளே விட்டு லேசரில் பொடியாக்குவது.

இனி பிசிக்ஸ். பிடிக்காதவர்கள் அடுத்த பத்திக்குத் தாவலாம். அந்தத் தூர்பீன் சுமார் மூன்று மில்லி மீட்டர் தடிமன். அதன் நுனி தன்னைத்தானே திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வளையும். அதற்குள் ஓடுகிற கண்ணாடி இழையின் உட்கரு 200 மைக்ரான், அதாவது மில்லி மீட்டரில் ஐந்தில் ஒன்று. லேசர் ஹோல்மியம், அலைநீளம் சுமார் 2100 நானோ மீட்டர். அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. திரையில் தெரிகிற பச்சைப் புள்ளி குறி பார்ப்பதற்காகக் கூடவே அனுப்பும் வேறு ஒளி. இந்த அலைநீளத்தைத் தண்ணீர் அப்படியே விழுங்கிவிடும், அரை மில்லி மீட்டருக்குள் ஆற்றல் தீர்ந்துபோகும். கிட்னிக்குள்ளோ உப்புநீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால் இழையின் நுனி கல்லை ஒட்டி இருந்தால்தான் உடையும். கொஞ்சம் விலகினால் சுற்றியுள்ள சதைக்கும் சேதமில்லை. என் டாக்டரிடம் செட்டிங் என்ன என்று கேட்டேன், ஒரு கணம் விழித்தார். அரை ஜூல், நொடிக்கு 20 துடிப்பு. சராசரி பத்து வாட், ஒரு எல்இடி பல்பு தின்கிற மின்சாரம். ஆனால் ஒவ்வொரு துடிப்பும் நொடியின் சில ஆயிரத்தில் ஒரு பங்குக்குத்தான் நீடிக்கும் என்பதால் அந்தக் கணத்தில் சக்தி 2000 வாட்டைத் தொடும். கல் சூடேறி வெடித்துப் பொடிகிறது. இப்போது துலியம் ஃபைபர் லேசர் என்று இன்னொன்றும் வந்திருக்கிறது, 1940 நானோ மீட்டர். அதைத் தண்ணீர் இன்னும் அதிகமாக உறிஞ்சும், பொடியும் இன்னும் நைசாக இருக்கும்.

ஆபரேஷனுக்கு முன்னால் யூரின் கல்ச்சர் பார்த்து, கிருமி இல்லை என்று தெரிந்த பிறகுதான் தேதி கொடுத்தார்கள். உள்ளே தண்ணீரின் அழுத்தம் ஏறும்போது கிருமி இருந்தால் ரத்தத்தில் கலந்துவிடும். சிலருக்குக் குழாய் மிகக் குறுகலாக இருந்தால் அன்று உடைக்காமல் ஸ்டென்ட் மட்டும் வைத்து, குழாய் விரிந்த பிறகு மறுபடி கூப்பிடுவார்களாம். எனக்கு அந்த அவஸ்தை இல்லை. மயக்கம் கொடுத்தார்கள், கண்ணைத் திறந்தேன், முடிந்திருந்தது. அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் வேறு எதுவும் இல்லை.

மறுநாள் வீடு. டிஸ்சார்ஜ் தாளில் கடைசி வரியில் ‘டிஜே ஸ்டென்ட் வைக்கப்பட்டுள்ளது’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. தாளைக் கையில் கொடுத்த நர்ஸ் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

டிஜே ஸ்டென்ட் என்பது 25 சென்டி மீட்டர் அளவில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய். இரண்டு முனையும் சுருண்டிருக்கும். ஒரு சுருள் கிட்னியில், இன்னொன்று சிறுநீர்ப்பையில். உடைந்த துகளோ வீக்கமோ வழியை அடைத்துவிடாமல் இருக்க அது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அது உள்ளே இருப்பதைச் சிறுநீர்ப்பை ஒரு நிமிடமும் மறக்காது. போய்விட்டு வந்து உட்கார்ந்தால் மறுபடி போக வேண்டும் போலிருக்கும். போகும்போது கடைசியில் முதுகில் சுரீர் என்று ஒரு வலி ஏறும். நான் முதல் தடவை பயந்தே போனேன், இன்னொரு கல்லோ என்று. காரணம் எளிது: சிறுநீர்ப்பைக்கும் குழாய்க்கும் இடையில் திரும்பி ஏறாமல் தடுக்கிற ஏற்பாட்டை ஸ்டென்ட் திறந்தே வைத்திருக்கிறது. சிறுநீர்ப்பை சுருங்கும்போது கொஞ்சம் சிறுநீர் மேலே கிட்னிக்கே போகிறது. இதை யாராவது முன்பே இரண்டு வரியில் சொல்லியிருந்தால் ராத்திரி இவரை எழுப்பியிருக்க மாட்டேன்.

மாடிப்படி ஏறினால் சிறுநீர் சிவக்கும். தண்ணீர் குடித்துப் படுத்தால் தெளியும். போனில் கேட்டபோது டாக்டர் குழாயின் தசையைத் தளர்த்துகிற டாம்சுலோசினும், சிறுநீர்ப்பையைச் சாந்தப்படுத்த இன்னொரு மாத்திரையும் எழுதினார், பாதிக்குப் பாதி குறைந்தது. முதல் நாளே எழுதியிருக்கலாம். குளிர் காய்ச்சல் வந்தால் மட்டும் போன் வேண்டாம், நேரே கிளம்பி வந்துவிடுங்கள் என்றார். கோடை விடுமுறைக்குத் திருநெல்வேலி போக நிஜாமுதீனிலிருந்து திருக்குறள் எக்ஸ்பிரஸில் எடுத்திருந்த டிக்கெட்டை ரத்து செய்தோம். இந்த நிலையில் இரண்டு ராத்திரி ரயில் கழிப்பறையை நம்பிப் போக எனக்குத் தைரியமில்லை.

எடுப்பது சுலபம். மரத்துப்போகும் ஜெல்லி தடவி, சின்ன தூர்பீனில் பார்த்துப் பிடித்து இழுத்தார்கள். மூச்சை இழுத்து விடுவதற்குள் முடிந்தது. ஆண்களுக்குப் பாதை நீளம், கொஞ்சம் கூடுதல் சிரமம். எடுக்க வேண்டிய தேதியை ஃப்ரிட்ஜில் ஒட்டி வையுங்கள். தொந்தரவு இல்லாதவர்கள் அப்படியே மறந்துவிடுவது உண்டு. மாதக்கணக்கில் விட்டால் ஸ்டென்ட் மேலேயே கல் படிந்து, அதை எடுப்பதற்கென்று தனி ஆபரேஷன்.

பொடியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்: கால்சியம் ஆக்சலேட். பள்ளி திறந்த பிறகு, வேலை நாள் ஒன்றில், 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார்கள். மெட்ரோ வாசலில் பையை மெஷினில் போட்டுவிட்டு சிஐஎஸ்எஃப் பெண்மணிக்கு அந்தக் கேனை விளக்கும் துணிவு எனக்கு இல்லை, அன்று மட்டும் ஆட்டோ. ஆபரேஷன் ஆகியும் பள்ளி நாளில் எனக்கு மொத்தம் ஒன்றே கால் லிட்டர்கூட வரவில்லை. இரண்டரை லிட்டர் வர வேண்டுமாம். கல் சேராமல் தடுக்கிற சிட்ரேட்டும் குறைவு. அதற்கு எலுமிச்சை, பொட்டாசியம் சிட்ரேட் சிரப். சிரப் சகிக்கவில்லை.

கால்சியம் கல் என்றதும் பாலையும் தயிரையும் நிறுத்தத் தோன்றும். நிறுத்தக் கூடாது. சாப்பாட்டோடு போகிற கால்சியம்தான் ஆக்சலேட்டைக் குடலிலேயே கட்டிப் போடும். நிறுத்த வேண்டியது ஊறுகாய், அப்பளம், வடாம் வகையறா. உப்பு ஏறினால் சிறுநீரில் கால்சியமும் ஏறும். எனக்கு நெஞ்சு அடைத்தது இங்கேதான். ஆக்சலேட் நிறைந்த பாலக் கீரை எப்போதாவது, அதுவும் தயிரோடு.

அத்தை இதற்குள் ஐஎன்ஏ மார்க்கெட்டுக்கு இவரைத் துரத்தி வாழைத்தண்டு வாங்கிவரச் சொல்லிவிட்டார். “ஏம்மா, தினம் ஜூஸ் குடிச்சிருந்தா இந்தச் செலவெல்லாம் உண்டா? உன் டாக்டர்கிட்ட கேட்டுத்தான் பாரேன்.” கேட்டேன். வாழைத்தண்டு நார்ச்சத்து, தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் 11 மில்லி மீட்டர் கல்லை அது கரைக்காது என்றார். அத்தையிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன்.